ஜெல் போட்டு லைட் அடித்தால் கன்னத்துப் புற்று கரையுமா?

கொங்குப் பகுதியிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 61 வயது. இளவயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் வந்த புண் ஆறவே இல்லை. வாய்ப்புண் என்று நினைத்து நான்கு மாதம் களிம்பு தடவியிருக்கிறார்கள். பிறகு பயாப்சி எடுத்ததில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாயின் உள்தோலில் வரும் புற்று, என்று வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி 3 சென்டிமீட்டர் அகலம், 9 மில்லிமீட்டர் ஆழம். இடது பக்கக் கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு நெறிகட்டி சந்தேகப்படும்படி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இதற்கிடையே சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். எலியின் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிய ஜெல் பளபளவென்று ஒளிர்கிறது, அதன் மேல் விளக்கு அடித்ததும் கட்டி சுருங்கிப் போகிறது. அதே சொந்தக்காரர் ஒரு தனியார் மையத்தையும் காட்டியிருக்கிறார். "கத்தி இல்லை, கரண்ட் இல்லை, ஒளி ஜெல் ஆறு சிட்டிங்" என்று சொல்லி அங்கே நாலரை லட்சம் கேட்டிருக்கிறார்கள். 50,000 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. அம்மாவிடம் "கட்டி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், கேன்சர் என்று சொல்லவில்லை. முகம் கோணிப்போய்விடும் என்று அவர் ஆபரேஷனுக்கு மறுக்கிறார்.

வாசகரின் கேள்விகள்: இந்த ஜெல் உண்மையா? உண்மை என்றால் ஆறு மாதம் காத்திருக்கலாமா? ஆராய்ச்சியில் சேர்த்துவிட முடியுமா? ஒளிரும் பொருள் உடம்புக்குள் போனால் கதிரியக்க ஆபத்து உண்டா? கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்கிறார்களே, அது சரியா?

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். அந்த மையத்துக்கு இனி ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அதே நேரம், வீடியோவைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்த விஞ்ஞானம் பொய் இல்லை. உங்கள் அம்மாவின் நோய்க்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது என்ன

ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாலிமர் வலை. செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டெர்லெ, டிரகோஸ்லாவ் லிம் என்ற இருவரும் 1960இல் இதை உடம்புக்குப் பயன்படுத்தலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். மறு வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டெர்லெ, குழந்தைகள் விளையாடும் கட்டுமான செட்டை வைத்து வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, மென்மையான கான்டாக்ட் லென்ஸைச் சுழற்றி வார்த்தார். இன்றைக்குத் தீக்காயத்துக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் ஒட்டும் ஈரப்பதமான டிரெஸ்ஸிங்குகளில் பலவும் ஹைட்ரோஜெல்தான்.

இந்த வலைக்குள் ஒளிரும் சாயத்தையோ, கார்பன் துகளையோ, அரிய மண் தனிமங்கள் கலந்த நுண்துகளையோ சேர்த்தால் அது ஒளிரும் ஹைட்ரோஜெல். எதற்காக இந்தப் பாடு? ஒன்று, ஜெல் எங்கே இருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம். இன்னொன்று, ஒளி பட்டால் வினைபுரியும் மருந்தை அதற்குள் வைக்கலாம். அந்த மருந்தின் மேல் சரியான நிறத்து ஒளி பட்டால், அது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும். அந்த ஆக்சிஜன் தொட்ட செல்லைக் கொல்லும். நரம்பு வழியாக ஏற்றிய மருந்து உடம்பு முழுக்கச் சுற்றும். ஜெல்லில் வைத்த மருந்து போட்ட இடத்தில் தங்கி மெல்ல மெல்லக் கசியும். நல்ல யோசனைதான், அதனால்தான் பல நாடுகளில் இதன் பின்னால் ஓடுகிறார்கள்.

இனி வீடியோவில் உள்ள எலிக்கு வருவோம். ஆராய்ச்சிக்கூடத்துச் சுண்டெலியின் உடம்பே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன்தான். இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் கட்டியை ஆராய்ச்சியாளர்களே தோலுக்குச் சற்றுக் கீழே வளர்த்திருப்பார்கள். முடியையும் மழித்துவிடுவார்கள், இல்லையென்றால் முடியே முளைக்காத எலி வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒளி போக வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் ஏறக்குறைய எல்லா ஒளிச் சிகிச்சையும் அழகாக வேலை செய்யும்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, எரியும் செல்போன் டார்ச்சின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும், ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு தெரியாது. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வருகிறது, அதுவும் சதைக்குள் சிதறிச் சிதறி. ஒளிச் சிகிச்சைக்கு வழக்கமாகப் பயன்படும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி சதைக்குள் உருப்படியாக வேலை செய்வது சுமார் 5 மில்லிமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் பக்கம் போனால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். உங்கள் அம்மாவின் கட்டியே 9 மில்லிமீட்டர் ஆழம். அதைச் சுற்றி நல்ல சதையிலும் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு சேர்த்து எடுப்பதுதான் ஆபரேஷன் செய்யும் எங்கள் வழக்கம். கழுத்து நெறிகட்டியோ தோலுக்கும் தசைக்கும் அடியில் இருக்கிறது. கன்னத்தில் வைத்த ஜெல்லும் அதன் மேல் அடித்த விளக்கும் கழுத்தில் இருக்கும் நோயை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த மையத்தில் கழுத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மனிதர்களுக்கு வந்திருப்பவை

எல்லாமே எலியோடு நின்றுவிட்டது என்று நான் சொன்னால் அதுவும் தப்பு. ஒளிரும் ஹைட்ரோஜெல்லைத் தினமும் உடம்பில் சுமந்து திரியும் மனிதர்கள் இருக்கிறார்கள், சர்க்கரை நோயாளிகள். எவர்சென்ஸ் என்ற கருவியை மேல்கையின் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். கேப்ஸ்யூல் போன்ற சின்ன சென்சார், அதன் மேல் ஒளிரும் ஹைட்ரோஜெல் பூச்சு. உள்ளே இருக்கும் சிறு எல்.இ.டி. அதன் மேல் ஒளி பாய்ச்சும். குளுக்கோஸ் கூடினால் பூச்சின் ஒளிர்வும் கூடும், அதே கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் உணரி அதை அளக்கும். அமெரிக்காவில் 2018இல் 90 நாள் சென்சாருக்கு அனுமதி கிடைத்தது, 2022இல் 180 நாள், 2024இல் ஒரு வருடம். இது ஏன் வென்றது என்று பாருங்கள். ஒளி புறப்படுவதும் திரும்பி வருவதும் ஒரு கேப்ஸ்யூலின் அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. தூரத்தோடு யாரும் சண்டை போடவில்லை.

தூரத்தையே வேறு விதமாகச் சமாளிக்கவும் முயல்கிறார்கள். ஹார்வர்டில் சியோக் யுன் குழு 2013இல் ஒளியைக் கடத்தும் ஹைட்ரோஜெல் துண்டு ஒன்றைச் செய்து எலிக்குள் வைத்தது. ஜெல்லோடு சேர்ந்த மெல்லிய ஒளியிழை வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோனது, ஜெல்லுக்குள் இருந்த செல்கள் ஒளி பட்டதும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனைச் சுரந்தன. படித்தபோது எனக்கு நிஜமாகவே உற்சாகமாக இருந்தது. ஆனால் அது எலியில் நடந்தது.

"ஜெல் போட்டு லைட் அடிப்பது" என்ற வாசகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். அமிலூஸ் என்று ஒரு ஜெல் மருந்து உண்டு. வெயிலால் முகத்திலும் தலையிலும் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற சொரசொரப்பான தடிப்புக்கு, அதாவது புற்றாக மாறக்கூடிய நிலைக்கு, அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது. ஜெல்லைத் தடவி மூன்று மணி நேரம் மூடி வைத்து, பிறகு சிவப்பு விளக்கைக் காட்டுவார்கள். தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் மெல்லிய தடிப்புக்கு அது போதும். கன்னத்துச் சதைக்குள் இறங்கிவிட்ட புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தலை-கழுத்துப் புற்றுக்கு ஒளிச் சிகிச்சையே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஃபாஸ்கான் என்ற மருந்து ஐரோப்பாவில் 2001இலிருந்து இருக்கிறது. மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போனவர்களுக்குத் தொல்லையைக் குறைப்பதற்காக. ஜப்பானில் 2020 செப்டம்பரில் அகாலக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. புற்றுச் செல்லைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிச் சாயத்தைக் கட்டி நரம்பில் ஏற்றுவார்கள். மறுநாள் 690 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஆழத்தில் இருக்கும் கட்டிக்குள் ஒளியிழையையே ஊசி போலக் குத்தி நுழைப்பார்கள், ஆக அங்கேயும் கத்தி இல்லாவிட்டாலும் குத்தல் உண்டு. இரண்டுமே ஜெல் இல்லை. அகாலக்ஸ் அனுமதி பெற்றது வெட்டி எடுக்க முடியாத நோய்க்கு. உங்கள் அம்மாவுக்கு வெட்டி எடுக்க முடியும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அது எவ்வளவு பெரிய நல்ல செய்தி என்று இந்தப் பதற்றத்தில் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

கதிரியக்கம் பற்றிய உங்கள் பயத்துக்கு: ஒளிர்வது வேறு, கதிரியக்கம் வேறு. ஒளிரும் சாயம் தன் மேல் பட்ட ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது, விளக்கை அணைத்தால் பெரும்பாலும் அதுவும் அணைந்துவிடும். கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. சில ஒளிரும் நுண்துகள்களில் காட்மியம் இருக்கிறது, அது நஞ்சு. நரம்பில் ஏற்றும் ஒளி மருந்துகளுக்குப் பிறகு வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்ட முடியாது, காட்டினால் தோல் வெந்துபோகும். அந்த மையத்தில் ஜெல்லின் பெயரையோ, அதற்குள் என்ன இருக்கிறது என்பதையோ எழுதித் தரவில்லை என்கிறீர்கள். பெயர் தெரியாத பொருளின் ஆபத்தை என்னால் எப்படிக் கணக்குப் போட முடியும்?

ஒளிரும் இடமெல்லாம் புற்று, ஒளிராத இடம் சுத்தமா?

கடிதத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ஒளிரும் இடத்தை மட்டும் எரித்துவிட்டால் மிச்சம் சுத்தம்தானே, எதற்கு இவ்வளவு சதையை வெட்ட வேண்டும்?" கேட்க நியாயமாக இருக்கிறது. ஒளிர்வை வைத்து உண்மையாகவே ஆபரேஷன் செய்தவர்களின் அனுபவம் வேறு.

மூளைக் கட்டிக்கு 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை ஆபரேஷனுக்கு முன் குடிக்கக் கொடுப்பார்கள். ஊதா நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாகத் தெரியும். ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் குழு செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான விளக்கில் ஆபரேஷன் செய்தபோது 100க்கு 36 பேருக்குத்தான் ஸ்கேனில் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது. இந்த ஒளிர்வோடு செய்தபோது 65 பேருக்கு முடிந்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டியை எடுத்தது அறுவை மருத்துவரின் கை, ஒளி வழிகாட்டியது.

மார்பகப் புற்றுக்கு லூமிசைட் என்று ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2024இல் அனுமதி கிடைத்தது. கட்டியை எடுத்த பிறகு குழியில் மிச்சம் மீதி ஒளிர்கிறதா என்று பார்ப்பதற்கு. வழக்கமான ஆபரேஷனில் தப்பிப்போயிருந்த புற்றை 100 பேரில் சுமார் 8 பேரிடம் இது கண்டுபிடித்துக் கொடுத்தது. அதே ஆய்வில், மிச்சம் இருந்த புற்றில் ஏறக்குறைய பாதியை இது தவறவும் விட்டது. சுத்தமான இடமும் சில நேரம் ஒளிர்ந்தது. வீக்கம், புண், பழைய தழும்பு எல்லாம்கூட ஒளிரக்கூடும். ஆகவே எடுத்த சதையின் விளிம்பில் புற்று இருக்கிறதா என்று கடைசியாகச் சொல்வது மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்தான். எடுத்தால்தானே அவர் பார்க்க முடியும்? எரித்துவிட்டால் பார்க்க எதுவும் இருக்காது.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். உங்கள் அம்மாவின் ஆபரேஷனிலேயே ஒளிரும் சாயம் வரக்கூடும். ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயம் அமெரிக்காவில் 1959இலேயே அனுமதி பெற்றது, தியேட்டரில் அகச்சிவப்புக் கேமராவோடு சேர்ந்து பரவலானது இந்த நூற்றாண்டில்தான். கன்னத்தில் புதிதாக வைத்துத் தைத்த சதைக்கு ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்துவார்கள். உங்கள் மருத்துவமனையில் அந்தக் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்காக இடம் மாற வேண்டாம், அனுபவப்பட்ட டீம் சதையின் நிறத்தையும் ரத்த ஓட்டத்தைக் காதால் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் சத்தத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடும். அந்தச் சாயத்தில் அயோடின் கலந்திருக்கும் என்பதால், அம்மாவுக்கு அயோடின் அலர்ஜி உண்டென்றால் மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கலாமா, ஆராய்ச்சியில் சேரலாமா

காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனை நான்கு வாரம் தள்ளிப்போட்டால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று, பல வகைப் புற்றுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பி.எம்.ஜே. இதழில் 2020இல் எழுதினார்கள். ஆறு மாதம் என்பது அந்த மாதிரி ஆறு தவணைக்கும் மேல். நடைமுறையில் நான் பயப்படுவது அந்தச் சதவீதத்துக்கு மட்டும் இல்லை. கன்னத்துப் புற்று வளர்ந்தால் ஒரு பக்கம் வெளித்தோலுக்கு வரும், இன்னொரு பக்கம் தாடை எலும்புக்குள் போகும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இன்றைக்குக் கன்னத்தின் உள்சதையோடு முடியக்கூடிய ஆபரேஷன், அப்போது தாடையையும் கன்னத் தோலையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிடும். முகம் கோணுமே என்று ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால், முகத்தைத்தான் முதலில் இழப்போம்.

ஆராய்ச்சியில் சேர்வது தப்பான ஆசை இல்லை. ஆனால் குணப்படுத்தக்கூடிய சிகிச்சை கையில் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு, சோதனை மருந்தை மட்டும் கொடுக்கும் ஆராய்ச்சிக்கு, நோயாளிகளின் நலனைப் பார்த்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டி நேர்மையானதாக இருந்தால் சுலபத்தில் ஒப்புதல் தராது. அந்த மையம் "இது டிரையல்தான்" என்று சொன்னால் இவற்றைக் கேளுங்கள்:

- சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்து ஆராய்ச்சிகளை அந்தப் பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். எண்ணைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.
- எந்த எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது? புது மருந்து என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் அனுமதி எங்கே?
- ஆராய்ச்சி என்றால் எதற்கு நாலரை லட்சம்? ஆராய்ச்சிக்காக ஆகும் செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை. ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் புது மருந்து விதிகள்.

கடைசிக் கேள்வி ஒன்றே போதும் என்பது என் எண்ணம். காசு வாங்கிக்கொண்டு செய்வது ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லை, சிகிச்சைதான் என்றால் அனுமதி பெற்ற மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கதவு கிடையாது.

முன்பணத்தைப் பற்றி: நான் வக்கீல் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக நோட்டீஸ் அடித்திருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகும் நேரம் இருக்கிறது. இந்த இரண்டு வாரத்தை அதற்காக அலைந்து வீணாக்காதீர்கள்.

நாலரை லட்சத்தை எப்படியாவது புரட்டத் தயாராக இருந்தீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். உங்கள் சம்பளம் தனி ரேஷன் கார்டில் இருக்கிறதா, அம்மா கார்டிலேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தகுதி மாறலாம். மருத்துவமனையிலேயே காப்பீட்டு கவுன்டர் இருக்கும், அங்கே கேளுங்கள்.

இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, பக்கத்தில் தலை-கழுத்துப் புற்றுக்குத் தனித் துறை உள்ள மருத்துவமனைக்கோ போகலாம். எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் பயாப்சி ஸ்லைடையும் கையோடு கொண்டுபோங்கள். ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இப்போதைய தேதியைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். ரத்து செய்துவிட்டுப் போனால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும்.

கத்தி, கழுத்து, முகம்

கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. நோய் முற்றிய பிறகு ஆபரேஷனுக்கு வந்து, பிறகு இறந்துபோனவர்களைப் பார்த்த ஊர் அப்படித்தான் பேசும். பயாப்சியாலும் ஆபரேஷனாலும் வாய்ப் புற்று பரவுவதில்லை. விட்டுவைப்பதால் பரவுகிறது.

கழுத்தையும் எதற்கு வெட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மும்பை டாட்டா மெமோரியலில் அனில் டிக்ரூஸ் குழு நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது, உலகம் முழுக்க வாய்ப் புற்றுச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. கழுத்தில் நெறிகட்டியே தெரியாத, ஆரம்பநிலை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தையும் சேர்த்து ஆபரேஷன் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து 100க்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67 அல்லது 68 பேர். உங்கள் அம்மாவுக்கு நெறிகட்டியே தெரிகிறது, ஆகவே கழுத்தை விடுவதற்கு வழியில்லை. ஸ்கேனில் தெரிவது உறுதியானால் இது மூன்றாம் நிலை. பயமுறுத்தச் சொல்லவில்லை, மூன்றாம் நிலையிலும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் ஆபரேஷன் செய்கிறோம். ரிப்போர்ட்டைப் பொறுத்து அதன் பிறகு ரேடியேஷன் தேவைப்படலாம், அதை ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

முகம் பற்றிய அம்மாவின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அறுவை மருத்துவரைச் சொல்லச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்சதை போன இடத்தில் முன்கை, தொடை அல்லது மார்பிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள். கழுத்தில் தழும்பு இருக்கும், முதல் சில வாரம் முகம் நன்றாக வீங்கும். உதட்டோரம் கொஞ்சம் இழுத்த மாதிரி தெரியலாம். ஒரு வாரம் பத்து நாள் மூக்கு வழியாக டியூபில் சாப்பாடு. பிறகு வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும், சலித்துக்கொண்டு விட்டுவிட்டால் வாய் இறுகிவிடும். எந்தச் சதை, தாடை எலும்பைத் தொடுவார்களா, பேச்சு எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணியை அறிமுகப்படுத்த முடியுமா என்றும் அந்த டீமைக் கேளுங்கள். என் நோயாளிகளில் பலர் நான் பேசி மசியாமல், அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியதும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது

உங்கள் மனசு புரிகிறது. அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று மறைத்திருக்கிறீர்கள். அம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். சாதாரணக் கட்டி என்று சொல்லிவிட்டு, அதற்காகக் கன்னத்தையும் கழுத்தையும் வெட்ட வேண்டும் என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்? அவருக்குத் தெரிந்த தகவலை வைத்து அவர் எடுத்த முடிவு சரியானதே. அவர் பிடிவாதக்காரர் இல்லை, விஷயம் தெரியாதவர். கான்சென்ட் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான், நீங்கள் இல்லை.

வார்டில் பத்துப் பேருக்கு நடுவே சொல்ல வேண்டாம். வீட்டில், அவருக்குப் பிடித்தமான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, நேராகச் சொல்லுங்கள்: புண்ணில் கேன்சர் இருக்கிறது, எடுத்துவிட முடியும் என்கிறார்கள், தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் அழுதால் அழட்டும். வெற்றிலையால்தானே வந்தது என்று அந்த நேரத்தில் குத்திக்காட்டாதீர்கள். ஆனால் புகையிலையை இன்றோடு நிறுத்தியாக வேண்டும், காயம் ஆறுவதற்கும் மயக்க மருந்துக்கும் அது அவசியம். நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும், அதற்கு மருந்து உண்டு, வார்டு டாக்டரிடம் கேளுங்கள்.

சொல்வதற்கு இந்த ஞாயிறைத் தாண்ட விடாதீர்கள். திங்கட்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள், வீடியோவையும் அவரிடம் காட்டலாம், நல்ல டாக்டர் சிரிக்க மாட்டார். அதே வாரத்தில் பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், ரேடியேஷனுக்கு முன் எடுக்க வேண்டிய சொத்தைப் பல் இருந்தால் ஆபரேஷனின்போதே சேர்த்து எடுத்துவிடலாம்.